புதுச்சேரியில் தங்க: குடும்ப லாட்ஜா, பழைய மாளிகையா?

போன மாசி மகத்துக்கு அம்மாவையும் பெரியம்மாவையும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். வைத்திக்குப்பம் தீர்த்தவாரியில் மயிலம் முருகனைப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் ரொம்ப நாள் ஆசை. முதல் ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் லாட்ஜ், மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளையர் பகுதியில் பழைய மாளிகை ஹோட்டல். இரண்டிலும் தங்கியதால் சொல்கிறேன்.

லாட்ஜில் கீழ்த்தளத்தில் வீடு, மேலே அறைகள். பெரியம்மாவுக்குக் கட்டில் ஒத்துவராது என்றதும் கேள்வியே இல்லை, பாயும் தலையணையும் வந்துவிட்டன. விடிகாலை நாலரைக்கு நாங்கள் கிளம்பும் சத்தம் கேட்டு, அந்த வீட்டு அம்மா டபரா செட்டில் காபியோடு படியேறி வந்தார். "மகத்துக்குத்தானே? வெறும் வயித்துல போகாதீங்க." அந்தக் காபி பில்லில் இல்லை. குறையும் உண்டு: சுவர் மெல்லியது, பக்கத்து அறை டிவி காதுக்குள் ஓடியது. ஆனால் செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கு. ராத்திரி எட்டுக்கு வந்தால் மறுநாள் எட்டு வரை அறை நம்முடையது. மாளிகையில் மதியம் இரண்டுக்கு உள்ளே, மறுநாள் பதினொன்றுக்கு வெளியே.

அந்த மாளிகையின் அழகே வேறுதான். ஆளுயரத்துக்கு இருமடங்கு கதவு, முழம் கனத்தில் சுண்ணாம்புச் சுவர். கூரையை அண்ணாந்து பார்த்தேன்: தேக்கு விட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லை விளிம்பில் நிறுத்திச் சாய்வாக அடுக்கியிருக்கிறார்கள். நடுப்பகலில் ஏசி போடாமலே அறை குளுகுளுவென்றிருந்தது. அம்மா முற்றத்துத் தூணைத் தடவியபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் லிஃப்ட் கிடையாது. செங்குத்தான மரப்படியில் பெரியம்மாவைக் கைபிடித்து ஏற்றுவதற்குள் அவருக்கு முழங்கால் விண்விண்ணென்று வலிக்க ஆரம்பித்துவிட்டது. வயதானவர்களோடு போனால் தரைத்தள அறை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

'முந்நூறு வருஷத்து வீடு' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளினார்கள். இன்று நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. பழைய சாயலில் புதிதாகக் கட்டியவையும் இருக்கின்றன. பிரெஞ்சு வீடுதான் வேண்டும் என்றில்லை. வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே, பெருமாள் கோயில் தெரு, வைசியாள் தெருப் பக்கம் திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழ் வீடுகளும் ஹோட்டலாகியிருக்கின்றன. எனக்கு அவைதான் மனசுக்கு நெருக்கம்.

வாடகையோடு வரியையும் பாருங்கள். ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறை 7,770-ல் முடியும், 8,000 ரூபாய் அறை 9,440 ஆகிவிடும். சனி, ஞாயிறில் சென்னை, பெங்களூர் கூட்டத்தால் வாடகை எகிறும்.

கோயில், கடற்கரை, கடைத்தெரு என்று சுற்றப் போகிறவர்களுக்கு மாளிகை வீண்செலவு. பூட்டிய அறைக்குத்தான் வாடகை கட்டுவீர்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், எங்கே தங்கினாலும் அங்கே நடைதான். வீட்டுக்குள்ளேயே ஒரு பகல் முழுக்க இருக்கப் போகிறீர்கள் என்றால் மாளிகைக்குக் கொடுப்பது தகும்.

அடுத்த மகத்துக்கு அதே லாட்ஜில் இரண்டு அறை சொல்லிவைத்துவிட்டேன். ஐப்பசியில் ஒரு வாரநாளில் நானும் மனைவியும் மட்டும் தமிழ் வீடு ஒன்றுக்குப் போகிறோம், முற்றத்தில் மழை விழுவதைப் பார்க்க.