வகுப்பில் கதை சொல்ல எந்தச் செயலி?

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே டேப்லெட் கொடுத்திருக்கிறது. பிள்ளைகள் கையில் பெரும்பாலும் எதுவும் இல்லை. ஒற்றைக் கருவியை வைத்து 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கதை சொல்ல வைக்க எது உதவும்? என் அளவுகோல் ஒன்றுதான்: கதையைச் சொல்வது பிள்ளையா, செயலியா?

பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம், வாசிக்க அருமையான இடம். தமிழ்க் கதைகள் நிறைய, எல்லாம் இலவசம். பதிவிறக்கி அச்சிட்டும் கொடுக்கலாம். புதுக் கதையும் உருவாக்கலாம்தான். ஆனால் பெரும்பாலும் அங்கிருக்கும் படங்களுக்கு ஏற்பத்தான் பிள்ளையின் கற்பனை ஓடும்.

புக் கிரியேட்டர் செயலியில் பிள்ளை வரையலாம், எழுதலாம், குரலையும் பதியலாம். கடைசியில் கையில் ஒரு மின்னூல் இருக்கும். சிக்கல் தட்டச்சில். ‘கொ’ எழுதும்போது பிள்ளை முதலில் கொம்பு போடும், பிறகு ‘க’, அப்புறம் கால். விசைப்பலகையிலோ ‘க’வைத்தான் முதலில் தட்ட வேண்டும். இப்போதுதான் எழுத்துப் பழகும் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம், கதையே மறந்துபோகும். தாளில் எழுதச் சொல்லி அந்தப் பக்கத்தைப் படமெடுத்துச் சேர்ப்பதே நல்லது. இலவசக் கணக்கில் நூல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதையும் கவனியுங்கள்.

சின்ன வகுப்புகளுக்கு நான் தேர்ந்தெடுப்பது ஸ்க்ராட்ச் ஜூனியர்: கட்டளைகளைக் கோத்துத் திரையில் பாத்திரங்களை அசையவைக்கும் செயலி. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக 2014இல் வந்தது. கட்டளைகள் எல்லாம் படக்குறிகள், அதனால் எழுத்து தெரியாத பிள்ளையும் நுழையலாம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. அதிலுள்ள பூனைப் பாத்திரத்தை நடக்கவிட்டு, ஒலிவாங்கிக் குறியைத் தொட்டு, "ஏய், என் மீன எங்க?" என்று தன் ஊர்ப் பேச்சிலேயே பதிந்துவிடலாம். வாய்மொழியில் சரளமாக இருந்தும் எழுதத் திணறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஒரு கதைக்கு நான்கு பக்கம்தான் என்ற கட்டுப்பாடும் நல்லதே: தொடக்கம், சிக்கல், அடுத்து என்ன, முடிவு என்று தானாகவே பிரிந்துவிடும்.

ஆபத்தும் இதில்தான் அதிகம். பூனையைக் குதிக்கவிட்டுக்கொண்டே பாடவேளை ஓடிவிடும். அதனால் நால்வர் குழுவாக உட்கார்ந்து, கதையை முதலில் தாளில் நான்கு கட்டமாக வரைந்து, வாயால் ஒருமுறை சொல்லிக் காட்டட்டும். டேப்லெட் அதற்குப் பிறகுதான்.