ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சி: போகலாம், ஆனால் சிலதைக் கேட்டுவிட்டுப் போங்கள்

போன மாதம் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். தேயிலைத் தோட்டங்களின் தொழிற்சங்கத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமார், இளைஞர்கள் என்று இருபத்தாறு பேர். நாம் தெருவில் நின்று கேட்கிற கோரிக்கைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று குழுவாக உட்கார்ந்து தோண்டிப் பார்ப்பதுதான் பயிற்சி. நடத்தியவர்களின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரிப் பயிற்சிகள் பல இடங்களில் நடக்கின்றன, எதில் போய் உட்கார்ந்தாலும் பார்த்துக்கொள்ள வேண்டியவை இவைதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சில வருடங்களுக்கு முன் வேறொரு பயிற்சிக்குப் போய் மனம் நொந்து வந்தவள் நான். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா கேட்டுப் போராடிய காலம். 2018 ஒக்டோபரில் நம் பிள்ளைகள் கறுப்பு உடுப்போடு காலி முகத்திடலில் கூடினார்களே, அதற்கு அடுத்த வருடம். இரண்டு நாள் நம்மைப் பேச வைத்து எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு வந்த அறிக்கையில் இவர்களின் உண்மையான தேவை அங்கீகாரம் என்று ஒரு வரி இருந்தது, ஆயிரம் ரூபாவைக் காணோம். அதனால்தான் இந்த முறை அம்மாவையும் கூட்டிப் போனேன். முப்பது வருடமாகக் கொழுந்து எடுப்பவர், சொன்ன சொல்லை யாராவது மாற்றி எழுதினால் விடமாட்டார்.

தொடக்கம் வெங்காயப் படம். தரையில் பெரிய தாளை விரித்து மூன்று வட்டம். வெளித்தோலில் வாய்விட்டுக் கேட்பது, அடுத்ததில் அதை எதற்குக் கேட்கிறோம், நடுவில் அது இல்லாமல் முடியவே முடியாது என்பது. எங்கள் குழு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வெளித்தோலில் எழுதியது. இந்தப் பயிற்சி நமக்குத் தேவைதான் என்று எனக்குப் பட்டதே அப்போதுதான், ஏனென்றால் தொகையை மட்டும் கேட்டு நாம் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறோம்? 2021 மார்ச்சில் 900 அடிப்படை, 100 படி என்று ஆயிரம் வர்த்தமானியில் வந்தது, வந்த கையோடு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், கிலோ வராவிட்டால் அரைப் பேர். (ஒரு நாள் வேலை பதிவாவதைத்தான் ‘பேர்’ என்போம், அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம்.) 2024 மே மாதம் 1,700 என்றார்கள், அது நீதிமன்றம் போய் நின்று, செப்டெம்பரில் 1,350 ஆக வந்து சேர்ந்தது. அந்தப் பணம் கைக்கு வந்தால் நம் வாழ்க்கையில் எது மாற வேண்டும் என்று நாமே எழுதி வைத்திருந்தால், இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் எடுப்பதை அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

அப்புறம் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்கிற பயிற்சி. இது ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் இயந்திரம் ஏன் பழுதானது என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்திய முறையாம். இயந்திரத்துக்குச் சரி. முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணிடம் ஏன், ஏன், ஏன் என்று கேட்டால் அது பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு அக்கா மூன்றாவது ‘ஏன்’ வந்ததும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். பயிற்சி கொடுத்த தங்கச்சி அதைக் கவனித்தது எனக்கு மிகவும் பிடித்தது. உடனே நிறுத்தி, கேள்வியை மாற்றினாள். ‘ஏன்’ வேண்டாம், ‘அது கிடைத்தால் என்ன செய்வீங்க’ என்று மட்டும் கேளுங்கள் என்றாள்.

அந்த ஒரு மாற்றம் போதும், எல்லாரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவின் முறை வந்தது. 1,700 கிடைத்தால் என்ன செய்வீங்க? “மாசத்துல எத்தன பேர் விழுந்திருக்குனு எண்ணிக்கிட்டே இருக்க மாட்டேன்.” எண்ணாமல் இருந்தால்? அம்மா கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. “எங்க அக்காட கருமாதிக்குப் போயிருப்பேன்” என்றார்.

பெரியம்மா மஸ்கெலியாவில் செத்துப்போனது எனக்குத் தெரியும், அம்மா அடக்கத்துக்கு மட்டும் போய்விட்டு வந்ததும் தெரியும். கருமாதிக்குப் போகாததற்கு உடம்பு சரியில்லை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். அந்த மாதம் இன்னொரு பேரை இழக்க முடியாமல் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருக்கிறார். இத்தனை வருடம் ஒரே காம்பராவில் இருந்தும் எனக்குத் தெரியாது. நடு வட்டத்தில் என்ன எழுதலாம் என்று தங்கச்சி கேட்டபோது யாரோ ‘கௌரவம்’ என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “சாவுக்குப் போக ஒரு நாள்னு எழுதும்மா, மேல இருக்கிற 1,700ஐ அழிச்சிறாத” என்றார். அப்படியே எழுதினோம்.

இரண்டாம் நாள் காலையில் கயிற்றுப் பயிற்சி. மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை கயிறு, அதுதான் காலம். நம் கோரிக்கை எங்கே தொடங்கியது என்று எழுதி ஒவ்வொருவரும் வைக்க வேண்டும். இளைஞர் குழு காணி கேட்டிருந்தது. வரிசையாகக் கட்டிய லயக் காம்பராவுக்குப் பதில் ஏழு பேர்ச் நிலத்தில் வீடு, கையில் காணி உறுதிப் பத்திரம், கடிதம் தோட்டத்து ஆபிசுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வர ஒரு விலாசம். கயிற்றில் நம்மை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம், நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நம் முன்னோர் வந்த வழியை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடை என்று வரிசையாக வைத்தார்கள். பிறகு ஒரு தாத்தா மெல்ல எழுந்து போய் இரண்டு தாள் வைத்தார். ஒன்று 1940, சம்பளப் போராட்டத்தில் சுடப்பட்ட முல்லோயா கோவிந்தன். மற்றது 1977, தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்று சுடப்பட்ட டெவன் சிவனு லட்சுமணன். அந்த இளைஞர்களில் பாதிப் பேர் லட்சுமணன் பெயரை அன்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் காணியைப் பற்றிப் பேசிய விதமே வேறு.

பிடிக்காதது தோடம்பழக் (ஆரஞ்சுப் பழக்) கதை. இரண்டு பிள்ளைகள் ஒரு பழத்துக்குச் சண்டை போடுவார்கள், விசாரித்தால் ஒருத்திக்குச் சாறு வேண்டும், மற்றவளுக்குத் தோல் வேண்டும், இரண்டு பேருக்கும் முழுசாகக் கிடைக்கும். பேச்சுவார்த்தைப் பயிற்சிகளில் எல்லாரும் சொல்கிற கதைதான். ஒரு தலைவி எழுந்து, “பழம் நடுவுலயா இருக்கு? முழுசா அவங்க கையிலதானே இருக்கு” என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை, அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்கள். அங்கே நின்று ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்கும் நமக்கும் பலம் சமமில்லாதபோது நம் அடிமனதைத் திறந்து காட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது, எதுவரை இறங்கி வருவோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இந்தத் தாள்கள் யார் கைக்குப் போகும் என்று நான் எழுந்து கேட்ட பிறகுதான், தாள்கள் உங்களுக்கே என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மத்தியானம் நாடகம். பிரேசில் நாட்டுக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறை, பார்க்கிறவர் இடையில் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடைக்கு வந்து நடிக்கலாம். கொழுந்தை நிறுக்கிற மடுவத்தில் நிறை வெட்டுவதை நடித்தார்கள். தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போக, நான்கு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி, தராசு முள்ளைக் காட்டச் சொல்லி நான்கு விதமாகக் கேட்டார்கள். இதற்காகவே இன்னொரு தடவை போவேன்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாழன், வெள்ளியில் வைத்ததால் வந்த பெண்களுக்கு இரண்டு நாள் பேர் போனது, பஸ் காசும் சாப்பாடும் கொடுத்தார்கள், ஆனால் நாட்கூலி கொடுக்கவில்லை. ஒரு நாள் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டு அந்த ஒரு நாள் சம்பளத்தையே இழக்க வைப்பது சரியில்லை. கொடுத்த தாள்களில் ‘அடிப்படை உந்துதல்’, ‘நிலைப்பாடு’ என்ற சொற்கள் யாருக்கும் ஏறவில்லை. மார்க்கர் எப்போதும் ஆண்கள் கையிலேயே இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

இதையெல்லாம் அவர்களிடமே சொல்லிவிட்டேன். எங்கள் டிவிசனில் நடத்த முடியுமா என்று கேட்டதற்கு, ஆள் சேர்த்தால் வருகிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக் காம்பராவைத் திறந்து வைக்க வேண்டும், தோடம்பழக் கதை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் குழுவின் வெங்காயத் தாள் இப்போது எங்கள் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் நின்று வாசிக்கிறார்கள், இரண்டு பேர் தங்களுடையதையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.