பத்து வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார்: ஸ்விஃப்ட் ஸ்போர்ட், எம்எக்ஸ்-5, டொயோட்டா 86, கூப்பர் எஸ்

சிங்கப்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வண்டிக்குப் போவதில்லை, சிஓஇக்கு, அதாவது காரைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழுக்குப் போகிறது. ஆகவே எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால் அதன் சிஓஇயை எந்த ஆண்டில், என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்குப் புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் பத்து ஆண்டு முடிந்ததும் உரிமையாளர் முந்தைய மூன்று மாதச் சராசரி சிஓஇ விலையைக் கட்டினால் இன்னொரு பத்து ஆண்டு ஓட்டலாம். பாதி கட்டினால் ஐந்து ஆண்டு, அதோடு சரி. பிறகு வண்டியைப் பதிவிலிருந்து நீக்கியே ஆகவேண்டும். எந்த வழியில் புதுப்பித்தாலும் பார்ஃப் தொகை, அதாவது பத்து ஆண்டுக்குள் காரை நீக்கினால் அரசு திருப்பித் தரும் பணம், போய்விடும். பாதியில் வண்டியை நீக்கினால் திரும்பக் கிடைப்பது, கட்டிய சிஓஇ பணத்தில் மீதமிருக்கும் மாதங்களுக்கான பங்கு மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கார்கள், இரண்டுக்கும் 44,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார்கள், இரண்டுக்கும் நான்கு ஆண்டு பாக்கி. முதல் கார், சிஓஇ மலிவாக இருந்த காலத்தில் 37,000 வெள்ளிக்குப் பத்து ஆண்டு புதுப்பித்தது. இரண்டாவது, விலை ஏறிய பிறகு 47,500 வெள்ளிக்கு ஐந்து ஆண்டு புதுப்பித்தது. வாங்கிய மறுமாதமே எஞ்சின் போய்விட்டது என்று வையுங்கள். முதல் காரை நீக்கினால் கைக்கு வருவது சுமார் 14,800. இரண்டாவதில் சுமார் 38,000. விலையும் மீதிக் காலமும் ஒன்றுதான், நஷ்டம் மட்டும் 29,000க்கும் 6,000க்கும் உள்ள வித்தியாசம்.

முதல் காரை மறுபடி புதுப்பிக்கலாமே என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். ஆனால் அன்றைய விலையில் முழுத் தொகையோ பாதியோ கட்டப் பணம் வேண்டும். கையைக் கடித்துக்கொண்டு வாங்குகிறவருக்கு அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய். வயதான எஞ்சினை நம்பி இறங்கும்போது, கட்டிய சிஓஇ பணம் அதிகமாக மீதமிருக்கும் காரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆண்டுச் செலவிலும் வயது தன் பங்கைக் கேட்கும். பத்து ஆண்டு கடந்ததும் சாலை வரியில் 10 விழுக்காடு கூடும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் இன்னொரு பத்து ஏறி, பதினான்கு வயதைத் தாண்டினால் 50 விழுக்காட்டில் நிற்கும். 1600 சிசிக்குள் இருக்கும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 வெள்ளி, 2000 சிசி எம்எக்ஸ்-5க்கோ 86க்கோ 1,800 வெள்ளி. வாகனப் பரிசோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது போய் ஆண்டுதோறும் ஆகிவிடும்.

இனி வண்டிகள்.

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 2005 முதல் 2010 வரை வந்த தலைமுறை. 1586 சிசி, டர்போ கிடையாது, 125 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். எடை ஆயிரத்துச் சொச்சம் கிலோதான். காகிதத்தில் சாதாரணம். ஆனால் நம் விரைவுச்சாலைகளில் பெரும்பாலும் 80, 90க்கு மேல் போக முடியாது. அந்த வரம்புக்குள் எஞ்சினை மேலே முறுக்கி, கியரை மாற்றி மாற்றி ஓட்டும் சுகத்தை முழுசாக அனுபவிக்க விடும் வண்டி இது. சவுத் புவன விஸ்தா சாலையின் வளைவுகளில் 200 குதிரைத்திறன் கார் பாதித் தூக்கத்தில் இருக்கும், இது விழித்துக்கொண்டிருக்கும். பின்சீட்டில் பிள்ளைகளை உட்கார வைக்கலாம், ஊபியிலோ காக்கி புக்கிட்டிலோ எந்தப் பட்டறைக்காரரும் பயமில்லாமல் கை வைப்பார். சோதனை ஓட்டத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டிவரும். முந்தைய உரிமையாளர் வண்டியைத் தாழ்த்தி ஓட்டினாரா என்பதையும் கேளுங்கள். இந்த வண்டியைச் சும்மா விட்டுவைத்தவர்கள் குறைவு.

மஸ்டா எம்எக்ஸ்-5, 2005 முதல் 2015 வரையிலான மூன்றாம் தலைமுறை. மனசு இங்கேதான் போகும். பின்சக்கர இயக்கம், நடுவில் உட்கார்ந்திருப்பது போன்ற சமநிலை, அதிகாலையில் கூரையைத் திறந்துகொண்டு லிம் சூ காங் பக்கம் போனால் வேறெந்தக் காரும் தராத நிம்மதி. எஞ்சின் முரண்டு பிடிக்காத ரகம். தொல்லை கூரையில் இருக்கிறது. மழைநீர் இறங்கும் குழாய்களில் இலைச்சருகு அடைத்தால், நம் ஊர் மழைக்குத் தண்ணீர் உள்ளே தேங்கி அடிப்பகுதியைத் துருப்பிடிக்க வைக்கும். இருக்கைக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். புளோக்கின் கீழே திறந்தவெளியில் நிறுத்துபவர் துணிக்கூரையை வாங்க வேண்டாம், மடியும் கெட்டிக்கூரை கொண்டதைத் தேடலாம். இரண்டே இருக்கை என்பதால் வீட்டுக்கு ஒரே கார் என்றால் இது சரிப்படாது.

டொயோட்டா 86, 2012இல் வந்தது. நான்கில் மிகத் தேர்ந்த சேசிஸ் இதற்குத்தான். சுபாருவின் 1998 சிசி பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன். முதல் இரண்டு ஆண்டு வண்டிகளில் வால்வு ஸ்பிரிங்கை மாற்ற 2018இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அதற்கு எஞ்சினைக் கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும். வேலை முடிந்ததா, எங்கே செய்தார்கள் என்பதற்குத் தாள் கேளுங்கள். இதில் சிக்கல் விலைதான். இது பெரிய எஞ்சின்களுக்கான பி பிரிவு சிஓஇ, தேடுவோரும் ஏராளம்; உங்கள் தொகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருப்பதில் ஆக அடிபட்ட 86 ஆகத்தான் இருக்கும். சோர்ந்துபோன 86ஐவிட நல்ல ஸ்விஃப்ட் எவ்வளவோ மேல்.

மினி கூப்பர் எஸ், 2010 வரை வந்த என்14 டர்போ எஞ்சின். அழகு, வேகம், அதோடு 2014க்கு முன் பதிவானதால் சிறிய எஞ்சின்களுக்கான ஏ பிரிவு சிஓஇ. டைமிங் செயின் டென்ஷனர், உயரழுத்தப் பெட்ரோல் பம்ப், வால்வில் படியும் கரி என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவு. இறுக்கமான பட்ஜெட்டில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் உரிமம் மூன்று-ஏ என்றால் மேனுவல் கியர் ஓட்ட முடியாது. அப்படியென்றால் என் தேர்வில் ஆட்டோ கியர் எம்எக்ஸ்-5 தான் மிஞ்சும். நான்கு வேக ஆட்டோ ஸ்விஃப்ட்டில் அந்த வண்டியின் உயிரே இல்லை.

என் வரிசை ஸ்விஃப்ட், எம்எக்ஸ்-5, 86. மொத்தத் தொகையில் ஐயாயிரம் வெள்ளியைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, மீதியில் வண்டியைத் தேடுங்கள். டயர், கிளட்ச், ரேடியேட்டர், புஷ் எல்லாம் முதல் ஆண்டிலேயே வரிசையாக வரும். முன்பணம் கட்டுமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் தூக்கிவைத்து அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். சைலன்சர் மாற்றியிருந்தால் அதற்கான அங்கீகாரச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்; இல்லையென்றால் அசல் சைலன்சரை மாட்டித் தந்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிடுங்கள், அடுத்த பரிசோதனைக்கு அதுதான் வேண்டும்.