வடலூர் தருமச்சாலை: பந்தியில் கேள்வி இல்லை, சபை வாசலில் உண்டு

கடலூர் மாவட்டம் வடலூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சத்திய ஞான சபையைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அதைவிட மூத்தது, பசித்தவருக்குச் சோறிடும் பக்கத்துத் தருமச்சாலை. வள்ளலார் இங்கே அடுப்பு மூட்டியது 1867 மே 23. சபை திறந்தது 1872 ஜனவரியில். முதலில் சோறு, அப்புறம்தான் ஜோதி.

சபை வாசலில் ‘புலை கொலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்’ என்று எழுதியிருக்கும். புலை என்றால் புலால் உண்பது. தருமச்சாலையில் அந்த நிபந்தனை கிடையாது. சாதி, மதம், கறி தின்பவரா என்ற விசாரணை எதுவும் இல்லாமல் உட்காரலாம். இதற்கான கணக்கு வள்ளலாரின் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில் இருக்கிறது. பசி, கொலை, பிணி, தாகம், இச்சை, எளிமை, பயம் எனத் துன்பங்களை ஏழாகப் பிரிக்கிறார் வள்ளலார். முதல் இரண்டை நீக்குவது பர ஜீவகாருண்யம், அதாவது மேலானது; மற்றவற்றை நீக்குவது அபரம், அதற்கு அடுத்த படி. புலால் உண்பவர்களைப் புற இனத்தார் என்று ஒதுக்கி, அவர்களுக்குப் பசியாற்றுவது மட்டும் போதும் என்கிறார். இன்று படித்தால் நெருடும், மறுக்கவில்லை. ஆனால் கோடு கிழித்தவரே பசியை மட்டும் அந்தக் கோட்டுக்குள் அடைக்கவில்லை. தருமத்துக்கு மதம் வேலி போடுமா என்ற பழைய கேள்விக்கு இவ்வளவு நடைமுறையான பதில் வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது.

சாப்பாடு எப்படி? சைவம், எளிமை, சூடு. தரையில் வரிசையாக உட்கார வேண்டும். சோறு, சாம்பார், ரசம் என்ற அளவில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் இருக்காது. கல்யாணப் பந்தி ருசியைத் தேடுபவர்களுக்கான இடமில்லை இது. சுமார் 21 அடி நீளமுள்ள அந்த அணையா அடுப்பைக் கட்டாயம் பாருங்கள். எரிவது விறகு, அன்று மூட்டிய நெருப்பை அணையவிடாமல் காத்து வருகிறார்கள்.

கொடுக்க நினைப்பவர்கள் சமைத்த உணவைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். வழியிலேயே ஊசிப்போகும், பந்திக் கணக்கும் குழம்பும். அரிசி, துவரம்பருப்பு, புளி, எண்ணெய், விறகு உத்தமம். காய் என்றால் பூசணி, சேனை, வாழைக்காய் தாங்கும். தக்காளியை மூட்டையாகக் கொண்டுபோனால் அடிமூட்டை நசுங்கி மேலே இருப்பதையும் கெடுத்துவிடும். ஆளுக்கு 125 கிராம் அரிசி என்று வைத்தால் 25 கிலோ சிப்பம் 200 பேருக்கு வரும். கொடுப்பதை அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெளியே நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவரிடம் கொடுப்பதற்கு அவசியமே இல்லை.

குறை சொல்வதென்றால் அது சாலையைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. பசித்தவருக்குச் சோறிடுவதையே விரதமாகக் கொண்டால் தீராத நோயும் தீரும் என்று அதே நூலில் வள்ளலார் எழுதியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு பிறந்தநாள், திருமணநாள், பூசம் என்று நாள் பார்த்துக் கொடுக்கிறோம். தைப்பூசத்தில் சபையில் ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும்போது ஊரெங்கும் அன்னதானப் பந்தல். ஒருவரே நாலு பந்தலில் வாங்கி, பாதியைத் தட்டோடு ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு உங்கள் மூட்டை அங்கே தேவையில்லை. ஆடியிலோ ஐப்பசியிலோ, மழை பிடித்த ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு எழுதிவையுங்கள்.