பையரைட் என்று விற்கப்பட்ட மஞ்சள் கல்

கோலாலம்பூரில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தை ஒன்றில் கடந்த மாதம் நான் 450 ரிங்கிட் கொடுத்து வாங்கிய கனிமம் போலி என்று தெரியவந்துள்ளது. அதே ஆள் வேறு சந்தைகளிலும் கடை விரிக்கக்கூடும் என்பதால், கல் சேகரிக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கைக்கு அடக்கமான, எலுமிச்சை மஞ்சள் நிறக் கல் அது. கால்சியமும் பிஸ்மத் என்ற கன உலோகமும் சேர்ந்த அரிய கார்பனேட்டான பையரைட் என்றும், கல் முழுவதுமே அதுதான் என்றும் விற்பவர் சொன்னார். நான் தயங்குவதைக் கண்டதும் சிறு புட்டியிலிருந்து ஒரு சொட்டு அமிலத்தைக் கல்லின் மேல் விட்டார். நுரை சீறிக்கொண்டு எழுந்தது. "பாருங்க அண்ணே, கார்பனேட் இல்லாட்டி இப்படிப் பொங்குமா?" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால், பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையும் அப்படித்தான் பொங்கும் என்பது, தைப்பூசம் தவறாமல் அம்மலையேறும் எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கல்லோடு கொடுத்த சீட்டில் 'ஷ்னீபெர்க், பொஹிமியா' என்றிருந்தது. பொஹிமியா செக் நாட்டுப் பகுதி; ஷ்னீபெர்க் இருப்பதோ ஜெர்மனியின் சாக்சனியில். அங்குப் பணியாற்றிய சுரங்கப் பொறியாளர் அடால்ஃப் பையரின் பெயரைத்தான் 1943-இல் இக்கனிமத்துக்குச் சூட்டினார்கள். பொஹிமியாவின் குருப்கா தந்தது கெட்னரைட் என்னும் வேறொரு பிஸ்மத் கார்பனேட். கலிபோர்னியாவின் பாலா பகுதியிலும் பையரைட் கிடைக்கிறது. பிஸ்மத் தாதுக்கள் சிதைந்து உருவாகும் இது, பெரும்பாலும் மண் போன்ற பூச்சாகவோ மெல்லிய தகடுகளாகவோதான் காணப்படும். கையளவு கட்டி என்றதுமே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சீட்டிலிருந்த பிழை உறுத்தியதால், சமையலறைத் தராசில் கல்லை வைத்துப் பார்த்தேன்: 212 கிராம். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 78 காட்டியது, அதாவது கல்லின் கன அளவு 78 கன செ.மீ. 212-ஐ அதனால் வகுத்தால் 2.7, அது சுண்ணாம்புப் பாறையின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் அடர்த்தி. பையரைட்டின் அடர்த்தி 6.5-க்கு மேல், அது உண்மையாக இருந்திருந்தால் இதே அளவுக் கல் அரைக் கிலோவைத் தாண்டியிருக்கும். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைத்தபோது பஞ்சு மஞ்சளாகி, கல்லின் விரிசல்களில் மட்டும் சாயம் தங்கியது.

அடுத்த ஞாயிறு பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ஒரு தடவை வாங்கினா வாங்கினதுதான் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். பணம் கைக்கு வரும்வரை நான் அண்ணன், அதன் பின் சார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாமென்று பாரத்தை எடுத்தால், எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். ரசீது வாங்காத என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு மட்டுமே.