ஆம்ஸ்டர்டாமின் ஓமாஃபீட்ஸும் அம்பத்தூரின் ஹெர்குலிஸும்

நெதர்லாந்தின் ஓமாஃபீட்ஸ் (டச்சு மொழியில் ‘பாட்டி சைக்கிள்’), சென்னை அம்பத்தூரின் ஹெர்குலிஸ் ஆகிய இரண்டு சைக்கிள்களும், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய ஆங்கிலேய ‘ரோட்ஸ்டர்’ வகையின் வழிவந்தவை. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸை அப்பாவிடமிருந்து பெற்று மயிலாப்பூர் மாட வீதிகளில் ஓட்டிப் பழகிய நான், ஆம்ஸ்டர்டாமில் வாடகைக்கு எடுத்த ஓமாஃபீட்ஸில் முதல் திருப்பத்திலேயே தடுமாறினேன். அதன் ஹேண்டில்பாரில் பிரேக் பிடியே இல்லை, பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். நம் வண்டியிலோ இரும்புக் கம்பிகள் பிரேக் கட்டையை இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு தளர்ந்துவிடும். டச்சு வண்டியின் பிரேக் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருப்பதால் மழை அதைப் பாதிப்பதில்லை. செயினும் முழுவதுமாக மூடியிருப்பதால், வேட்டி கட்டியவரும் எண்ணெய்க் கறைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பிரேக், செயின் இரண்டிலும் ஓமாஃபீட்ஸே மேல் என்பது என் முடிவு.

சுமை என்று வந்தால் ஹெர்குலிஸ்தான்: ஸ்டாண்டு போட்டு, அகன்ற கேரியரில் அரிசி மூட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடலாம்.

ஆனால் நெதர்லாந்தில் சைக்கிளுக்கென்று சிவப்பு நிறத் தனிப்பாதை இருக்கிறது. அங்குள்ள உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தின் ஒரு நிறுத்துமிடத்தில் மட்டும் 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம். அண்ணா சாலையில் என் ஹெர்குலிஸை விடியற்காலையில் மட்டுமே அச்சமின்றி ஓட்ட முடிகிறது.