தோப்காபி அரண்மனைச் சுற்றுலா: சுல்தான் இப்ராஹிமைப் பற்றி வழிகாட்டி சொன்ன கதை

இஸ்தான்புல் போகிறவர்கள் தோப்காபி அரண்மனைக்கு வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாரை வைத்துக்கொள்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நாங்கள் எடுத்தது அரை நாள் சுற்று. முதலில் அரண்மனையும் அந்தப்புரமும், அப்புறம் அயா சோபியாவை ஒட்டியுள்ள சுல்தான்களின் கல்லறைகள். தம்பி குடும்பமும் நானும் போயிருந்தோம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. 17ஆம் நூற்றாண்டு உதுமானிய சுல்தான் இப்ராஹிம் அந்தப்புரத்துப் பெண்கள் 280 பேரைக் கடலில் மூழ்கடித்தார் என்று எங்கள் வழிகாட்டி ஒரு கதை சொன்னார்; அங்கே இன்னும் பல வழிகாட்டிகள் இதே கதையைச் சொல்வது காதில் விழுந்தது. ஒருவரை மட்டும் குறை சொல்வது சரியல்ல.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்ததால் வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு முட்டிவலி என்று தெரிந்ததும் படிகள் குறைவான வழியாகக் கூட்டிப்போனார். நான்காம் முற்றத்தில், விருத்தசேதன (சுன்னத்து) அறையின் வெளிச்சுவர் முன்னால் அவர் செலவிட்ட நேரம் ஒன்றே கொடுத்த காசுக்குப் போதும். நீலமும் வெள்ளையுமான டைல்ஸ். அவற்றில் சில, ஒரு மீட்டருக்கும் மேல் உயரம் கொண்டவை, துண்டு துண்டாக ஒட்டாமல் ஒரே பலகையாகச் சூளையில் சுட்டவை. நீண்டு வளைந்த இலைகளுக்கு நடுவே மான் மாதிரியான விலங்குகள் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இவை 16ஆம் நூற்றாண்டுக் கைவேலை என்றும், 1640இல் இந்த அறையைக் கட்டியபோது பழைய டைல்ஸை எடுத்து இங்கே பதித்தார்கள் என்றும் விளக்கினார். அவ்வளவு பெரிய பலகை சூளையில் வளையாமல் விரிசல் விடாமல் வருவது எவ்வளவு கடினம் என்று சொன்னபோது தம்பி மகள்கூட போனை உள்ளே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

அந்த அறையைக் கட்டியவர் சுல்தான் இப்ராஹிம். பக்கத்திலேயே, தங்க முலாம் பூசிய கூரையோடு, பொன்கொம்பு நீர்வழியைப் பார்த்தபடி ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. ரமலான் மாலைகளில் சுல்தான் நோன்பு திறக்கும் இடம் அது. அதுவும் 1640இல் அவர் கட்டியதுதான். அதே மாடத்தில், பாக்தாதைப் பிடித்ததன் நினைவாக அவருடைய அண்ணன் நான்காம் முராத் கட்டிய மாளிகையும் நிற்கிறது. அண்ணனும் தம்பியும் கட்டியதை அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

அந்தப்புரத்துக்குள் போனதும் சுற்றின் தன்மையே மாறிவிட்டது. “இப்போது பைத்தியக்கார இப்ராஹிமின் கதை” என்று ஆரம்பித்தார் வழிகாட்டி. அந்தப்புரத்துப் பெண் ஒருத்தி வேறு ஆணோடு பழகினாள் என்று சுல்தான் சந்தேகப்பட்டாராம். யார் என்று தெரியாததால் 280 பெண்களையும் சாக்கில் கட்டி பாஸ்பரஸ் நீரிணையில் மூழ்கடிக்கச் சொன்னாராம். பின்னால் ஒருவன் முக்குளித்துப் பார்த்தபோது கடலடியில் சாக்குகள் நின்றபடியே அலையில் ஆடினவாம். தேதி போட்ட வரலாறு போலவே சொன்னார். “சொல்லப்படுகிறது” என்ற ஒரு வார்த்தைகூட இல்லை. கூட்டமே மூச்சுப் பிடித்துக் கேட்டது.

எனக்கு மனசு ஆறவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். ஒரு மனிதன்மேல் 280 கொலைப் பழி போடுகிறோம் என்றால், அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்காமல் போக முடியாது.

இப்ராஹிம் ஆண்டது 1640 முதல் 1648 வரை. அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய உதுமானிய வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். காதிப் செலெபி அதே நகரத்தில் அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர். கொஞ்சம் பிந்தி வந்த நைமா பழைய பதிவுகளையெல்லாம் திரட்டி எழுதியவர். இப்ராஹிமை இவர்கள் தூக்கிவைத்து எழுதவில்லை. கீரித் தோல் மாதிரியான விலையுயர்ந்த சேபிள் ரோமத்தின்மேல் அவருக்கு இருந்த வெறியும், அதற்காகவும் அம்பர் என்ற வாசனைப் பொருளுக்காகவும் ஊரெல்லாம் வரி வாங்கியதும், மந்திரம் ஓதிக் குணப்படுத்துவதாகச் சொன்ன ஜிஞ்சி ஹோஜாவை உச்சாணியில் ஏற்றியதும், பிரியமான பெண்களுக்கு அரசு வருமானத்தை வாரிக் கொடுத்ததும் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவையும் எழுதியவர்கள் 280 பெண்கள் கடலில் போடப்பட்டதை மட்டும் விட்டுவிடுவார்களா? அந்தக் கதை அவர்களிடம் இல்லை. சுல்தான்களின் அந்தப்புரத்தைப் பற்றி ஐரோப்பாவில் பிற்காலத்தில் பரவிய நூல்களில்தான் அது செழித்து வளர்ந்திருக்கிறது.

அவர் நல்ல அரசர் என்று நான் வாதாடவில்லை. திறமையான தலைமை வஜீர் (முதலமைச்சர்) கெமான்கேஷ் காரா முஸ்தபா பாஷாவை 1644இல் கொன்றது அவர் ஆட்சியில்தான். 1645இல் தொடங்கிய கிரீட் போர் 1669 வரை இழுத்தது. தன் சகோதரிகளையே அந்தப்புரத்துப் பிரியமானவர்களுக்குக் கீழே வைத்து அவமானப்படுத்தினார். இதெல்லாம் உண்மை, இதைச் சொல்லட்டும்.

ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதையும் வழிகாட்டி விட்டுவிட்டார். இப்ராஹிம் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தபோது 1622இல் வேறு தாய்க்குப் பிறந்த அவருடைய அண்ணன் சுல்தான் இரண்டாம் உஸ்மானைக் கிளர்ச்சிக்காரர்கள் கொன்றார்கள். 1635இல் பயாசித், சுலைமான் என்ற இரண்டு சகோதரர்களையும், 1638இல் காசிமையும், சொந்த அண்ணன் முராத்தே கொல்லச் சொன்னார். அடுத்தது தான்தான் என்று அரண்மனை அறைக்குள் அடைபட்டுக் கிடந்தவர் இவர். 24 வயதில் “அண்ணன் இறந்துவிட்டார், நீங்கள்தான் சுல்தான்” என்று சொல்ல ஆட்கள் வந்தபோது அதைச் சூழ்ச்சி என்று பயந்து கதவைத் திறக்க மறுத்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிணத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினாராம். வஜீருக்குக் கைப்பட எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் தன் உடல் உபாதைகளைப் புலம்பும் ஒரு நோயாளியும் தெரிகிறார், நிர்வாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஓர் அரசரும் தெரிகிறார். இதை வைத்து அவர் பைத்தியமா, பயத்தால் நொந்துபோன நோயாளியா என்று துருக்கிய வரலாற்றாசிரியர்கள் விவாதித்திருக்கிறார்கள். அந்த விவாதத்தை இரண்டே நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். எந்தச் சாக்குமூட்டைக் கதையையும்விட அது மனதைப் பிசைந்திருக்கும்.

இன்னொன்று. 1648 ஆகஸ்டில் இப்ராஹிமை அரியணையிலிருந்து இறக்கியவர்கள் சுல்தானின் நிரந்தரக் காலாட்படையான ஜானிசரிப் படைத் தளபதிகளும் மார்க்க அறிஞர்களும். பெற்ற தாய் கோசெம் சுல்தானும் கடைசியில் இசைந்தார். வெனிஸ் கப்பல்கள் டார்டனெல்ஸ் நீரிணையை அடைத்திருந்த காலம் அது. பத்தே நாளில், ஆகஸ்ட் 18 அன்று, மார்க்கத் தீர்ப்பு வாங்கி அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அரியணையில் உட்கார்ந்தது ஆறு வயது மகன் நான்காம் மெஹ்மத். சுல்தானைக் கொன்ற கூட்டத்துக்கு, கொல்லப்பட்டவர் முழுப் பைத்தியம் என்று ஊர் நம்புவதில் ஆதாயம் உண்டு. அவரைப் பற்றிய ஒவ்வொரு கதையையும் எடைபோடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

“இதுதான் இளவரசர்களின் கூண்டு” என்று அந்தப்புரத்தில் ஒரு அழகான இரட்டை மாளிகையையும் காட்டினார். இப்ராஹிம் அடைபட்டிருந்தது அந்த அறைகளில்தான் என்பதும் உறுதியான செய்தி அல்ல.

சுற்றின் கடைசி இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அயா சோபியாவின் பழைய ஞானஸ்நானக் கட்டடம் 6ஆம் நூற்றாண்டில் ஆண்ட பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தது. எண்ணெய்க் கிடங்காகவும் இருந்திருக்கிறது. 1639இல் முதலாம் முஸ்தபாவை அங்கே அடக்கம் செய்தார்கள். ஒன்பது வருடம் கழித்து இப்ராஹிமையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். மனநிலை சரியில்லை என்று அரியணையிலிருந்து இறக்கப்பட்ட இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ். மற்ற சுல்தான்களின் கல்லறைகளில் இருக்கும் டைல்ஸ் அலங்காரம் இங்கே கிடையாது. முற்றத்தில் ஒரே சலவைக்கல்லில் குடைந்த பிரம்மாண்டமான ஞானஸ்நானத் தொட்டி கிடக்கிறது. இறங்கிப்போகப் படிகளும் அதிலேயே செதுக்கியிருக்கிறார்கள்.

அங்கே வைத்துத்தான் தம்பி மகள் கேட்டாள்: “அத்தை, அந்த 280 பேரில் ஒருத்தர் பேராவது எங்கேயாவது எழுதியிருக்கா?” நான் பதில் சொல்லாமல் வழிகாட்டியிடமே கேட்கச் சொன்னேன். கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம், பெயர் எதுவும் தெரியாது, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கதை அது, வருகிறவர்களும் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள் என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் காசு வாங்கிக்கொண்டு வரலாறு சொல்கிறவர், அந்தப் பதிலைக் கதையோடு சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நட்சத்திரம் குறைந்தது இதற்காகத்தான்.

பெயர் தெரிந்த பெண்கள் இப்ராஹிமின் வாழ்க்கையில் இருந்தார்கள். துர்ஹான் ஹதீஜே, சாலிஹா தில்ஆஷுப், ஹதீஜே முஅஸ்ஸெஸ். மூவரின் மகன்களும் சுல்தான்கள் ஆனார்கள். இப்ராஹிம் பதவிக்கு வந்தபோது உதுமானிய வம்சத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆண்பிள்ளை அவர்தான். பின்னால் வந்த அத்தனை சுல்தான்களும் அவர் வழி வந்தவர்கள். வம்சம் நூலிழையில் தப்பியது என்ற இந்த ஒரு விஷயம்கூடச் சுற்றில் வரவில்லை.

போகிறவர்களுக்கு: முன்பதிவு செய்யும் முன் வழிகாட்டியிடம் இப்ராஹிமைப் பற்றி ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். “இதற்கு எந்தக் காலத்துப் பதிவு இருக்கிறது?” என்று கேளுங்கள். முகம் மலர்ந்து பேச ஆரம்பிப்பவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். சுற்று முடிந்ததும் பக்கத்திலுள்ள எமினோனு பகுதிக்கு இறங்கி, துர்ஹான் கட்டி முடித்த புதிய மசூதியையும், அவரும் மகன் மெஹ்மத்தும் அடங்கியிருக்கும் கல்லறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. டிக்கெட்டில் அந்தப்புரமும் சேர்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.